பாபின் கட்டை

ஜிபூத்தியில் பட்டாளத்தில் இருந்த அண்ணன்
லீவில் வந்தபோது கொண்டுவந்த இசைத்தட்டு,
உறைகூட இல்லை.
மில் காக்கிச் சட்டைக்குள் மடித்து
சவரிராயலு எங்கள் கடைக்கு எடுத்து வந்தான்.
மிஷன் வீதி, மாடிப்படிக்குக் கீழே, ஆறடிக்கு எட்டடி.
கேசட்டில் பாட்டுப் பதிந்து தருவது என் வேலை.

சின்னத் தட்டு. நடு ஓட்டை மட்டும் பெரிது,
எலுமிச்சம்பழம் புகுந்து போகும்.
எங்கள் மெஷினின் நடுக்கம்பியோ பென்சில் கனம்கூட இல்லை.
மறுநாள் நூற்புப் பிரிவிலிருந்து
உடைந்த பாபின் ஒன்றைக் கொண்டுவந்து
அரத்தால் ராவி ராவி ஓட்டையில் அடைத்தான்.
ஒரு நூல் அளவு ஓரமாய்ப் போய்விட்டது.
"பரவாயில்ல, சுத்துது பாரு மார்கிரீத்து."

சுற்றியது.
பெயர் ஒட்டியிருந்த இடத்தில்
கப்பல் ஈரம் பட்டு ஊதாக் கறை.
டிரம்ஸ், அதன் மேல் கிதார்,
அதன் மேல் யாரோ ஒரு கறுப்புப் பெண்.
ஒவ்வொரு சுற்றுக்கும் குரல் ஒருமுறை தாழ்ந்து நிமிர்ந்தது,
வைத்திக்குப்பத்துப் படகு
அலை தாண்டுகிற மாதிரி.
"அழுதுகிட்டே பாடுறா" என்றான்.
நானும் தலையாட்டினேன்.
முதலாளி தனகோட்டி வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து
இன்னொரு தடவை போடச் சொன்னார்.

சனிக்கிழமை ராத்திரி சிற்றலையில்
சீமைப் பாட்டு வரிசை வரும், பத்திலிருந்து மேலேறி.
காதில் விழுந்ததைத் தமிழில் எழுதி
காலையில் கடைவாசல் கரும்பலகையில் போடுவேன்.
மூன்றாம் இடம் வரைக்கும் தெளிவு.
இரண்டில் பீக்கிங்கோ மாஸ்கோவோ குறுக்கே வந்து பேசும்.
ஒன்றாம் இடம் எப்போதும் காலி.
ஒரு ஞாயிற்றுக்கிழமை
என் கையிலிருந்த சாக்பீஸைப் பிடுங்கி
அந்தக் காலியில் அவன் எழுதினான்:
அழுகிறவள்.

பதினொரு வாரம் அவளே முதலிடம்.
லண்டனில் அவள் நாற்பதில் இருந்தாளோ
நானூறில் இருந்தாளோ.
உப்பளம் டீக்கடைக்கு ஒரு கேசட்,
கடலூர் ஓ.டி.யில் சைக்கிள் கடைக்கு ஒன்று,
நெல்லித்தோப்புக் கல்யாணத்துக்கு ஒன்று
(அங்கே பெண்ணின் அப்பா பாதியில் நிறுத்திவிட்டார்).
எல்லாக் கேசட்டிலும் இரண்டாவது சரணத்தில்
மில் சங்கு ஊதும்.
அதையும் பாட்டென்றே நினைத்தவர்கள் உண்டு.

பிறகு போனஸ் தகராறு, கேட்டில் பூட்டு.
எதிரே பந்தல் கட்டி, புனல் ஸ்பீக்கர் கட்டி,
தலைவர்கள் பேசி ஓய்ந்த இடைவெளிகளில் அவள்.
கூலி இல்லாத நாற்பதாம் நாள்
கஞ்சித் தொட்டிக்கு வரிசையில் நின்றவர்கள்
தலை குனிந்து கேட்டார்கள்.
ஒருவர் சொன்னார்:
"பாவம், இவ ஊர்லயும் கதவடைப்பு போல."

இப்போது துய்மா வீதியில் ஒரு காபிக்கடைக்கு
மாதம் ஒருமுறை ஜிஎஸ்டி கணக்குப் போடப் போகிறேன்.
போன செவ்வாய், கூரையிலிருந்து அவள்.
முதல் மூச்சிலேயே தெரிந்துவிட்டது.
ஆனால் தாழவில்லை. அசையவில்லை.
நேராக, கைதட்டி,
யாரையோ ஆட வரச்சொல்லிக்
கூப்பிட்டுச் சிரிக்கிறாள்.
பாட்டு முழுக்க ஒரு பொட்டுக் கண்ணீர் இல்லை.
இரண்டாவது சரணத்தில் சங்குக்காகக் காத்திருந்தேன்,
வெறும் எக்காளம் வந்தது.
அழுததெல்லாம் பாபின் கட்டை.

பதினெட்டு சதவீதத்தை இரண்டு முறை கூட்டியிருந்தேன்,
அடித்து எழுதினேன்.
கடைப் பையன் பாட்டின் பெயரைச் சொன்னான்.
பில்லின் பின்புறம் குறித்துக்கொண்டேன்,
கையெழுத்து எனக்கே புரியவில்லை.

சாயங்காலம் முதலியார்பேட்டைக்குப் போன் போட்டேன்.
சவரிராயலுவுக்கு இப்போது காது மந்தம்,
எல்லாவற்றையும் இரண்டு தடவை கத்திச் சொல்லவேண்டும்.
சொன்னேன்.
கொஞ்ச நேரம் மின்விசிறிச் சத்தம் மட்டும்.
"அவங்க மெஷின்லதான்
ஏதோ கோளாறு" என்றான்.