கேக்குக்கு ஒரு விசில்

திருநாள் என்று கடலுக்கு லீவு.
தங்கச்சிமடக் கரையில் படகெல்லாம் சும்மா கிடந்தன.
எமரிட்டால்தான் சும்மா கிடக்க முடியவில்லை.

பத்துக் குதிரை இஞ்சினைக்
கண்ணை மூடிக்கொண்டு பிரித்துப் பூட்டுகிறவருக்கு
ஒரு கேக்கு எம்மாத்திரம்?
"நீ கோயில்ல பாட்டுப் பழகப் போ, பெலிசித்தா" என்றார்.
போனேன். என் புத்தி.

போனில் ஒருத்தி சொன்னாளாம்,
குக்கர் அடியில் ஒரு கிலோ கல்லுப்பைப் பரப்பச் சொல்லி.
காசு கொடுத்து உப்பு வாங்கிக் கருக்குவதா?
வாசலைத் தாண்டினால் மணல்.
அதையும் எங்கே அள்ளினார் என்று கேளுங்கள்:
நேற்றுவரை நான் நெத்திலி காயப்போட்ட இடத்தில்.

சீனியைக் கருக்கச் சொன்னாளாம். கருக்கினார்.
சொன்னபடி நடந்தது அது ஒன்றுதான்.
வெயிட்டைக் கழற்றச் சொன்ன நேரம்
சோப்பு விளம்பரம் வந்துவிட்டதாம்.

நாங்கள் இரண்டாம் சரணத்தில் இருந்தோம்.
சன்னல் வழியே கருவாடு வறுக்கிற வாசம்.
"நல்லநாள் அதுவுமா யாரு வீட்லடி?" என்று
கிறிசாந்தாளிடம் கேட்டவளே நான்தான்.

வீட்டில்
பிள்ளைகள் மூன்றும் கட்டிலுக்குப் பின்னால்.
அவர் கையில் ஸ்பானர்.
ஒரே ஒரு விசிலாம்,
பாம்பன் பாலத்தில் சிக்னலுக்கு நின்ற ரயில்
பொறுமை கெட்டுக் கூப்பிட்ட மாதிரி.
அப்புறம் கேஸ்கெட் உருகி
மூடியும் குக்கரும்
கல்யாணப் பூசை முடித்தவை போல் ஒன்றாகிவிட்டன.

பதினொன்றே காலுக்குப் பிரிந்தன.
உள்ளே ஒரு பொருள் இருந்தது.
கேக்கு என்று என் வாயால் சொல்லமாட்டேன்.
கத்தி இறங்கவில்லை.
சின்னவன் ஆல்வின் ஓரத்தைக் கடித்து
ஆடிக்கொண்டிருந்த பல்லை அதிலேயே விட்டான்.
நாய் ஓடிவந்தது, மோந்தது,
மனுசர்களை நம்பக்கூடாது என்று திரும்பிப்போனது.

"முந்திரிகூடப் போட்டேன்" என்றார் மெதுவாக.

திட்ட நேரமில்லை. பூசை மணி அடித்துவிட்டது,
குடிலுக்குப் பாறை செய்ய வைத்திருந்த அட்டைக்கு
நான் இன்னும் சாயம்கூடப் பூசவில்லை.
மூத்தவள் ஒன்றும் பேசாமல்
அந்தப் பொருளைத் தூக்கிக்கொண்டுபோய்
இடையர்களுக்குப் பின்னால் சாய்த்துவைத்தாள்.
அசல் பாறை.
கால் உடைந்த கழுதைகூட அதில் சாய்ந்து நின்றது.

காலையில் பார்க்கிறேன்.
மூன்று ராசாக்கள் இன்னும் டிவி மேல்தான்,
அவர்களுக்குச் சனவரி ஆறு.
சுவரோரமாய் வரிசை பிடித்து,
அவர்களை முந்திக்கொண்டு,
எறும்புகள் வந்துகொண்டிருக்கின்றன.

குக்கரைச் சுரண்டிக்கொண்டிருந்த எமரிட்
எட்டிப் பார்த்தார்.
"பாத்தியா?" என்றார்.