வேரோடு முப்பது முடி

வெட்டிய முடி உதவாது,
வேரோடு பிடுங்கி அனுப்பவும் என்று
படிவத்தில் தடித்த எழுத்தில் போட்டிருக்கிறோம்.
அப்படியும் பாதிப் பேர்
கத்தரித்து, ரிப்பன் கட்டி அனுப்புகிறார்கள்.

டார்லா ப்ரூயிட் அப்படியில்லை.
வெதர்ஃபோர்டிலிருந்து இரண்டு உறை,
ஒவ்வொன்றிலும் எண்ணி முப்பது,
நுனியில் கடுகில் பாதியாய் வெள்ளை வேர்.
பென்னி: செவலைப் பெட்டை, எட்டு வயது.
ராங்லர்: விலாவில் வெள்ளைத் திட்டுள்ள பொலிகுதிரை.

'காரணம்' என்ற கட்டம் போதாமல்
தாளின் பின்பக்கத்துக்குப் போயிருந்தார்.
மூன்றாம் தேதி குட்டி போட்டது. முழு வெள்ளை, நீலக் கண்.
அக்கம்பக்கமெல்லாம் வந்து படம் எடுத்தது.
எழுந்து நின்றது, பால் குடித்தது.
சாணம் மட்டும் போடவில்லை.
மறுநாள் மாலை டாக்டர் ஊசி போட்டார்.

ஃபோர்ட் வொர்த்தில்
குதிரையே நுழையாத கட்டிடத்தில்
குதிரைகளோடு எனக்கு வேலை.
நாலு வருஷம், பதினோராயிரம் குதிரை,
ஒரு கனைப்பு கேட்டதில்லை.

சுழி பார்த்துக் குதிரை வாங்கிய மொழி என்னுடையது.
நெற்றியில் இருந்தால் ஒரு பலன், தொண்டையில் இருந்தால் வேறு.
நான் பார்க்கும் சுழி தோலுக்கு மேலே இல்லை.
பென்னியின் உடம்பில் ஒரு வெள்ளை மயிர் கிடையாதாம்;
திரையில் இரண்டு முகடு எழுந்தது,
ஒன்று சரி, ஒன்று பிசகு.
ராங்லருக்கும் அதே.

'இவை இரண்டும் இனிச் சேரவே வேண்டாம்' என்று எழுதினேன்.
ஹெக்டர் அதை அடித்துவிட்டு
'பரிந்துரைக்கப்படவில்லை' என்று மாற்றினார்.
நான்கில் ஒன்று என்ற வரியை அப்படியே விட்டார்.

அறிக்கை போன மறுநாள் டார்லா கூப்பிட்டார்.
"பதினாலாம் தேதியே சேர்த்துவிட்டோமே."
பின்னால் ஏதோ சத்தம்,
கனைப்போ தகரக் கதவோ.
நான்கில் மூன்று நல்லதுதான் என்றேன்.
கணக்கு அவர் கேட்கவில்லை.

பதினோரு மாதம்.
இடையில் இயந்திரம் இருமுறை பழுதானது,
ஹெக்டர் வேலையை விட்டுப் போனார்.

மார்ச் கடைசியில் ஓர் உறை.
பட்டு மாதிரி முடி, வேர் கண்ணுக்கே படாமல்,
கூடவே ஒரு வைக்கோல் துணுக்கு.
நிறம்: செவலை, இடது விலாவில் வெள்ளை.
பெயர்: இன்னும் வைக்கவில்லை.

அந்த நிறத்தைப் படித்ததுமே தெரியும், பிழைக்கும்.
ஆனாலும் எண் ஒட்டித் தட்டில் வைத்தேன்.
மதியம் முகடு எழுந்தது.
இரண்டு.
தாயைப் போல, தகப்பனைப் போல.

படிவத்தைத் திருப்பிப் பார்த்தேன்.
பின்பக்கத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.