ஆறு முடிச்சு

ஏழாலையிலிருந்து வந்தவர், பெயர் கதிர்காமத்தம்பி.
இடது விலாவின் கீழிருந்து தொப்புள் வரை
பழைய தழும்பு, வெங்காயத் தறைக்கு வாய்க்கால் வெட்டியதுபோல.
யார் செய்தது என்று கேட்டேன்.
"ஷெல் பட்டு மயங்கினபடி கொண்டுவந்தவை, ஆரைத் தெரியும்?
இந்தமுறையும் உப்பிடித்தானோ, டொக்டரம்மா?"
இல்லை, நாலு துளை என்றேன்.
"துளையோ?"
முகம் விழுந்துவிட்டது.
மிஸ்ஸி வெளியே போனபிறகு மற்றதையும் சொன்னார்,
பொம்பிளை டொக்டரிடம் சொல்லக் கூசி வைத்திருந்ததை:
சலம் கடுக்குது, ராவிலை ஐஞ்சாறுதரம்.

ஸ்கானில் கல், மான்கொம்பு போல் கிளைவிட்டு.
எங்கள் கிணறுகள் இதைத்தான் செய்கின்றன.
கேத்தில் அடியில் வெள்ளையாய்ப் படிவது
ஆட்களுக்குள்ளும் படிகிறது.
அந்தச் சிறுநீரகம் வேலையை விட்டு வருடங்கள் இருக்கும்.
எடுக்கவேண்டும்.

நான் இந்தத் தொழிலை இருட்டில் கற்றவள்.
கரண்ட் இல்லாத வருடங்களில்
ஒருவன் சைக்கிளை ஸ்ராண்டில் ஏற்றி மிதிப்பான்.
டைனமோ வெளிச்சம் அவன் மூச்சோடு ஏறி இறங்கும்.
அவன் களைத்தால் விரல்தான் கண்.
சலக்குழாய் விரலிடையே நழுவி, புழுவாய் நெளியும்.
நாடி அப்படியில்லை, துடித்துத் தன்னைச் சொல்லிவிடும்.
கையுறைகளைக் கழுவிக் கொடியில் காயப்போட்டோம்,
ஐந்து விரலும் விரிந்து, யாரையோ மறிப்பதுபோல.

பிறகு கடல் தாண்டி ஒரு நகரத்தில்
சப்பாத்தைக் கழற்றிவிட்டு, பெட்டிக்குள் முகம் புதைத்து
நாலு இரும்புக் கைகளை ஆட்டப் பழகினேன்.
நோயாளி பத்தடி தள்ளிக் கிடந்தார்.
என் நடுக்கத்தை, குடித்த கோப்பியை,
இரவு ஊரிலிருந்து வந்த அழைப்பை
அது வடித்துவிட்டுத்தான் கத்தரிக்கு அனுப்பியது.
ஆனால் அதற்குத் தொடுகை இல்லை.
நூல் இறுகுவது கையில் தெரியாது,
சதை வெளிறுவதைப் பார்த்து நிறுத்தவேண்டும்.
முதல் நாள் மூன்றுதரம் நூலை அறுத்தேன்.
விரலைக் கண்ணாக்கியவளுக்குக்
கண்ணை விரலாக்க இரண்டு வருடம் எடுத்தது.

இங்கே ரோபோ இல்லை.
வருடத்துக்கு ஒரு கடிதம் போடுகிறேன்.
பதில்களுக்கென்று ஒரு கோவை இருக்கிறது, மெலிந்த கோவை.
இருப்பது ஒரு கமரா, சில நீண்ட கம்பிகள்,
கமராவைப் பிடிக்க நிரோஜன்.
அவன் தும்மினால் உலகம் குலுங்கும்.

கதிர்காமத்தம்பியின் வயிறு காற்றேறி உப்பியது.
உள்ளே எல்லாம் ஒட்டிக் கிடந்தது.
முதலில் சிலந்திவலை, பிறகு கயிறு, பிறகு சுவர்.
ஒரு மணித்தியாலம் மில்லிமீற்றராய் அரிந்து போனேன்.
அப்போது திரையில், பத்து மடங்கு பெருத்து,
பச்சையாய் ஒரு முடிச்சு.

தூண்டில் நூல்.
தையல் நூல் வராத மாதமொன்றில்
குருநகரில் வாங்கி, அவித்துத் தைத்த நூல்.
எண்ணினேன். ஆறு முடிச்சு.
மூன்று போதும். நாலு நல்லது.
ஆறு போடுகிறவள்,
முடிச்சையும் கையையும் கூரையையும் நம்பாதவள்,
இருபத்தேழு வயதில் காலைச் சாப்பாடில்லாமல் நின்றவள்
எனக்குத் தெரிந்து ஒருத்திதான்.

"ஏன் மிஸ் நிண்டிட்டியள்?"
கமரா மங்குது, துடை என்றேன்.
"மங்கேல்லையே."
துடை.

முடிச்சு இன்னும் பிடித்துக்கொண்டுதான் இருந்தது.
சுற்றிவர அறுத்து அதை விட்டேன்.
சிறுநீரகம் கல்லோடு ஒரு பையில் வெளியே வந்தது.
குறிப்பில் நேரம் எழுதினேன், போன இரத்தம் எழுதினேன்,
கிளிப்புகளை எண்ணி எழுதினேன்.
முடிச்சை எந்த இடத்தில் எழுதுவது?

கிளினிக்குக்கு ஒரு பை வெங்காயத்தோடு வந்தார்.
நாலு பிளாஸ்ரர்த் துண்டைக் காட்டினால்
ஊரில் ஒருத்தரும் நம்பேல்லையாம்.
அதனால் சேட்டை உயர்த்திப் பழைய தழும்பைக் காட்டுகிறாராம்,
"இஞ்சை பாருங்கோ, டொக்டரம்மா வெட்டினது" என்று.
"பொய்தான், கோவிக்காதேங்கோ" என்றார்.

கோவிக்கவில்லை.
அடுத்த ஆளைக் கூப்பிடச் சொன்னேன்.