மூச்சைப் பிடியுங்கள்

பகலெல்லாம் பினாங்கு பெரியாஸ்பத்திரியில்
நெஞ்சுப் படம் எடுப்பவள் நான்.
இழுங்க, பிடிங்க, விடுங்க.
தமிழில், மலாயில், அரைகுறை ஹொக்கியனில்
நாளைக்கு எண்பது முறை.

டாக்டர் தியோ வர முடியாமல் கொடுத்த டிக்கெட்.
ஜார்ஜ் டவுனில் மழை. நனைந்த செருப்போடு
கடைசி வரிசையில்
எனக்கு முதல் இத்தாலிய ஓபெரா.

ஊர் ஏசும் பெண். காதல். காசநோய்.
கையில் கொடுத்த தாளில் போட்டிருந்தது:
வெனிஸில் முதல் இரவே தோற்றதாம்.
இந்த உடம்புக்கா க்ஷயம் என்று
பாடகியைப் பார்த்துச் சிரித்தார்களாம்.
நானும் சிரித்தேன்.
நுரையீரலில் ஓட்டை விழுந்தவள்
மாடிப்படி ஏறமாட்டாள்;
இவள் குரல் கூரையில் இடிக்கிறது.

போன செவ்வாய்,
பாயான் லெப்பாஸ் ஃபேக்டரிப் பெண்,
தர்ஷாயினி, இருபத்தாறு வயது.
பிடிங்க என்றேன்.
முடியலக்கா என்றாள், இருமலுக்கு நடுவில்,
ஏதோ உடைத்துவிட்டவள்போல.
அவ்வளவுதான் அவள் பாட்டு.
படத்தில் வலப்பக்கம், மேலே,
ஒரு வெள்ளை மேகம்.

மேடையில் இவள்
கட்டிலைவிட்டு எழுந்து
ஒரே சுரத்தை நீட்டுகிறாள்.
நீட்டிக்கொண்டே இருக்கிறாள்,
தர்ஷாயினிகள் பிடிக்க முடியாத மூச்சையெல்லாம்
யாரோ கடன் வாங்கி
நூற்றெழுபது வருடமாய்
வட்டி கட்டிவருவதுபோல.

அரங்கில் ஒரு இருமல் இல்லை.
முன்னால் மஞ்சள் பாத்திக் சட்டைக்காரர்
கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டார்.
விலா நோகத் தொடங்கியபோதுதான் தெரிந்தது,
நானும் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

விடுங்க என்று சொல்ல
இங்கே ஆள் இல்லை.