அளவு ஐம்பத்தேழு

ஈசா டவுன் பழஞ்சந்தையில்
உடைந்த மிக்சிக்கும் ஒற்றை ஷூவுக்கும் நடுவே
மல்லாந்து கிடந்தது.
ஒன்றேகால் தினார் சொன்னான்.
அறுநூறு பில்ஸில் முடித்தேன்.
பஸ்ஸில் மடியில் வைத்து வரும்போது
நனைந்த பூனையை விலைக்கு வாங்கியது போலிருந்தது.

குதைபியாவில் சலவைக்கடை.
பதினொரு வருடமாக நீராவிதான் உத்தியோகம்.
வெள்ளைத் தோபுகளின் காலரைக்
கத்திபோல் நிறுத்தத் தெரியும்.
ஆனால் இது துணியில்லை.
ஊடும் இல்லை, பாவும் இல்லை.
முயலின் முடி, வெந்நீர், அழுத்தம்.
ஒன்றையொன்று பற்றிக்கொண்டு
இனி விடுவதில்லை என்று இறுகிப்போன முடி.
நூல் தேடி உருவ முடியாது.
பூச்சி அரித்த இரண்டு துளை வழியே
கடையின் டியூப்லைட் தெரிந்தது.

உள்பட்டையை நிமிர்த்தினேன்.
யாரோ ஒருவரின் நெற்றி வியர்வை
தோலில் கறுத்து ஒரு கடற்கரை வரைந்திருந்தது.
பட்டைக்குப் பின்னால் நகமளவு சீட்டு:
57.
பெயரில்லை.

அன்றிரவு அறையில் எல்லாத் தலையையும் அளந்தேன்.
ஆவுடையப்பன் ஐம்பத்தைந்தரை.
மைதீன் பிச்சை அறுபது, அதில் பாதி முடி.
நாடா தொட்டதும் அந்தோணிமுத்து,
"நமக்குக் குல்லா போட
அந்த ஏஜெண்ட் ஒருத்தன் போதாதா" என்று
சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டான்.
என் தலை ஐம்பத்தொன்பது.
இரண்டு சென்டிமீட்டர்.
ஜூலை முழுதும் அந்த இரண்டு சென்டிமீட்டரில் போனது.

அச்சுக்கட்டைக்கு எங்கே போவது?
மூன்று லிட்டர் சாம்பார்ப் பாத்திரத்தைக் கவிழ்த்தேன்.
அது வட்டம்; தலை வட்டமில்லை.
முன்னும் பின்னும் கைக்குட்டை மடித்துக் கட்டி
மேலே துவாலை சுற்றி முட்டையாக்கினேன்.
தலையைக் கழற்றி மேசையில் வைத்துப் பார்ப்பதுபோல்.
சற்று இடப்பக்கம் கோணல்.
நாற்பத்து மூன்று வயதில்
அன்றுதான் எனக்குத் தெரியும்.

நீராவிக் குழாயை உள்ளே விட்டேன்.
முதலில் பிடிவாதம்.
பிறகு வாசனை: ஈரமுடி, பழைய சுருட்டு,
எந்தக் கப்பலின் அலமாரியோ.
பிறகு சட்டென்று விட்டுக்கொடுத்தது, அரை சென்டிமீட்டர்.
கயிறு கட்டி ஆறவிட்டு
மறுநாள் இன்னொரு அரை.
அவசரப்பட்டால் ஓரம் அலையடிக்கும்.
ஒருமுறை அடித்தது.
உப்புத்தாளால் சந்தனம் அரைப்பதுபோல் வட்டமாகத் தேய்த்தேன்.
பழுப்பு என்று நினைத்திருந்தேன்;
அடியில் அலை இறங்கிய மணலின் நிறம்.
தேய்த்துதிர்ந்த முடியையே பசையில் குழைத்துத்
துளைகளை அடைத்தேன்.
தேடினால் தெரியும். தேடாதீர்கள்.
நாடாவைத் திருப்பிக் கட்டி, முடிச்சு இடப்பக்கம்.
உச்சியில் கைவிளிம்பால் ஒரு வாய்க்கால்.
முன்னால் இரண்டு கிள்ளல்.

எல்லாம் சரி, பஹ்ரைனில், ஆகஸ்டில்,
இதை எப்போது போடுவது?
விடியற்காலை நாலு மணி.
அறையிலிருந்து கடைக்கு எழுநூறு அடி.
அதுதான் என் குளிர்காலம்.
ரொட்டிக்கடை அடுப்பு வெளிச்சத்தில்
என்னைவிட உயரமான ஒரு நிழல்
சுவரோரம் நடந்தது.

மூன்றாம் நாள் போலீஸ் வண்டி மெதுவாகி நின்றது.
தலைக்கு வந்தது தொப்பியோடு போகட்டும் என்று
கழற்றி நீட்டினேன்.
அட்டை கேட்டவன் அட்டையைப் பார்க்கவில்லை.
தன்னுடையதைக் கழற்றி மடியில் வைத்துவிட்டு
பின்னோக்குக் கண்ணாடியைத் திருப்பி
என்னுடையதை வைத்தான்.
புருவம் தாண்டிக் கண்ணை மூடியது.
தையல்காரன் கண் எனக்கில்லை, ஆனாலும் சொல்வேன்:
ஐம்பத்தேழு.
ஒரு மாதம் முன்னால் வந்திருக்கக் கூடாதா.

பக்கத்துச் சீட்டுக்காரனுக்குச் சிரிப்பு நிற்கவில்லை.
இவன் கழற்றும்போது
பெருவிரலாலும் ஆட்காட்டி விரலாலும்
முன்கிள்ளலைப் பிடித்து
சற்று ஆழமாக, சற்று வலப்பக்கமாக
அழுத்தித் திருப்பித் தந்தான்.
"ஸைன்" என்றான்.
வண்டி போயிற்று.

கடை திறந்து கொதிகலன் ஏற்றினேன்.
ஒரு நிமிட நீராவி போதும்,
அந்த விரல்களை அழித்துவிடலாம்.
கண்ணாடியில் பார்த்தேன்.
என் இடப்பக்கக் கோணலைத்
தேட வேண்டியிருந்தது.

தொப்பியை ஆணியில் மாட்டிவிட்டு
முதல் தோபை எடுத்து உதறினேன்.