துணிக் கணக்கு

குண்டு, குழலைவிடக் கொஞ்சம் சிறுசு.
அந்தக் கொஞ்சத்தை நிரப்பத்தான் துணி.

பின்னியக்கா முதலில் கட்சி வேட்டியைக் கிழித்தாள்.
கஜக்கோல் சும்மா இறங்கியது;
குண்டு புளியமரத்துக்குப் போனது.
அடுத்து சாக்குத் துண்டு:
பாதிக் குழலில் சிக்கி
ஒரு பகல் முழுக்க வேர்வை.

ஒவ்வொரு வெடிக்கும் பிறகு
கடலைக்கொடிக்குள் குனிந்து
கருகிய வட்டத்தைத் தேடி எடுப்பாள்.
நடுவில் ஓட்டை விழுந்திருந்தால்
மெலிசு என்பாள், தனக்குத்தானே.

கடைசியில்
பத்துத் தடவை வெளுத்த சுங்குடி,
எச்சில் தொட்டு, ஒற்றை மடிப்பு.
தகரத்தில் போட்ட சுண்ணாம்பு வட்டத்தில்
மூன்று குண்டும் ஓர் உள்ளங்கைக்குள்.

மறுநாள் தேர்தல் அறிவிப்பு.
உரிமத் துப்பாக்கியெல்லாம்
எழுமலை ஸ்டேஷனில் ஒப்படைக்கணும்.
காட்டில் கடலை முற்றிய வாரம்;
பன்றிகளுக்கு யார் அறிவிப்பது?

ரைட்டர் கிழித்துக் கொடுத்த ரசீதை
இரு விரலிடையே தேய்த்துப் பார்த்தாள்.
மெலிசு.