மூன்றே முக்காலே அரைக்கால்

சர்க்கரை பீட் ஏற்றி வரும் லாரிகளை
எடைபோட்டுச் சீட்டுக் கொடுப்பது என் வேலை.
மொத்த எடை, வண்டியின் எடை, ஒட்டிய மண்ணின் எடை.
கழித்துக் கழித்துத்தான் எனக்குச் சம்பளம்.
யெல்லோஸ்டோன் ஆறு உறைந்து
வண்டிகள் நின்றுபோன ஜனவரியில்
மிஞ்சிய சீட்டுகளின் முதுகில்
ஒரு போர்வைக்குக் கணக்குப் போட ஆரம்பித்தேன்.

கட்டில் அறுபதுக்கு எண்பது.
மார்ச்சில் எல்ராய் ஹாஃப்லண்ட்
தன் பூட்ஸுகளோடு குடிவருகிறான்.
அதுவரை நான் குறுக்கே படுத்துத் தூங்கும் கட்டில்.
பக்கத்துக்கு ஓரடி தொங்கல்: எண்பத்துநாலு.
கால்மாட்டில் பதினாறு: தொண்ணூற்றாறு.
அகலத்தில் ஏழு கட்டம், நீளத்தில் எட்டு.
ஐம்பத்தாறு கட்டங்கள், ஒவ்வொன்றிலும் ஒன்பது சதுரம்.
மூலைகளும் நடுவும் நீலம்,
மற்ற நாலும் வெள்ளை.

நாலங்குலச் சதுரம் வேண்டுமென்றால்
நாலரை வெட்ட வேண்டும்.
கால் கால் அங்குலமாய் நாற்புறமும்
தையல் தின்றுவிடும்.
தபால் நிலைய ரோவீனா இதை மறந்தாள்.
கல்யாணத்துக்கென்று தொடங்கிய போர்வை
தொட்டிலில் போய் முடிந்தது.

துணியின் அகலம் நாற்பத்துநாலு என்கிறது விலைச்சீட்டு.
நான் நம்பவில்லை, எந்த லாரிக்காரனையும் நம்பியதில்லை.
கரையைக் கழித்தால் நாற்பத்திரண்டு.
ஒரு பட்டைக்கு ஒன்பது சதுரம்,
ஒன்றரை அங்குலம் குப்பைக்கு.
நீலம் வேண்டியது இருநூற்றெண்பது.
முப்பத்தொரு பட்டையில் கிடைப்பது
இருநூற்றெழுபத்தொன்பது.

மூன்று முறை பெருக்கினேன்.

ஒற்றைச் சதுரத்துக்காக
இன்னொரு முழுப்பட்டை. ஆக நாலு கெஜம்.

கடையில் வில்டா சுருளைத்
தொம், தொம் என்று மேசையில் புரட்டினாள்.
உள்ளே அட்டை தெரிந்தது.
"மூன்றே முக்காலே அரைக்கால்."
அதன்மேல் ஒரு விரற்கடை இருந்தது, அதற்குக் காசு வாங்கவில்லை.
ஆலை அந்த நீலத்தை நிறுத்திவிட்டதாம்.
பில்லிங்ஸில் கேட்டாள், மைல்ஸ் சிட்டியில் கேட்டாள்.
பக்கத்துச் சுருளைக் காட்டினாள்:
காவல்துறைக்காரன் சட்டை நீலம்.
வேண்டாம் என்றேன்.

எல்ராய் போனில் சொன்னான்:
ஒரு வரிசையைக் குறைத்துவிடேன்,
நான் சுருண்டு படுத்துக்கொள்கிறேன்.
புரொபேன் வண்டி ஓட்டுகிறவன், ஆறடி நாலங்குலம்.
அவன் சுருண்டால்
நான் எந்த ஊரில் படுப்பது?

அன்றிரவுதான் வெள்ளையைக் கணக்கிட்டேன்.
வேண்டியது இருநூற்றிருபத்துநாலு.
இருபத்தைந்து பட்டை, மூன்றே அரைக்கால் கெஜம்,
இருநூற்றிருபத்தைந்து.
ஒன்று மிச்சம்.

இருபது வருஷம் எடைமேடையில் இருந்தேன்.
ஒரு வண்டியின் குறைவும்
அடுத்த வண்டியின் கூடுதலும்
இப்படி நேருக்கு நேர் நின்றதில்லை.
நின்றிருந்தால்
யாரோ திருடுகிறார்கள் என்று அர்த்தம்.

நீலத்தின் இடத்தில் ஒரு வெள்ளை. சரி, எங்கே?
நடுவில் வைத்தால் ஓட்டை மாதிரி இருக்கும்.
தலைமாட்டில் என்றால்
வருகிறவர்கள் எல்லாம் விரலை நீட்டுவார்கள்.
தலையணைக்கு அடியில் தள்ளுவது
குற்றம் செய்தவள் வேலை.
சமையல் மேசையில் சதுரங்களை நகர்த்தி நகர்த்தி
காப்பி இரண்டு முறை ஆறியது.

பிப்ரவரிக் கடைசியில் தைத்தேன்.
கீழிருந்து இரண்டாவது வரிசை,
அவன் பக்கத்து ஓரத்திலிருந்து இரண்டாவது கட்டம்,
வெளிமூலை.
ஒரு குளிர்காலம் வால்வு உறைந்து
வண்டிக்கு அடியில் இரண்டு மணிநேரம் கிடந்தவன்.
இடது காலில் அவனுக்கு நாலு விரல்தான்.
சுண்டுவிரல் இருந்திருக்க வேண்டிய இடத்துக்கு
நேர் மேலே வருகிறது அந்த வெள்ளை.

வந்து நாலு நாளாகிறது.
இன்னும் அவன் கவனிக்கவில்லை.
பூட்ஸுகளை எங்கே வைப்பது என்று கேட்டான்.
மூன்று ஜோடி, ஒவ்வொன்றும் படகு மாதிரி.
அதற்கு நான்
அளவெடுத்திருக்கவில்லை.